வந்தது வந்தபடி

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில், வெளியார் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை, ஆபீஸ் பேச்சில் வெளிக்கோடை, இறக்கும் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைச் செய்கிறவள் ஒருத்திதான். ஒன்பது மணிக்கு முன்னாலேயே வந்து, கைப்பையை மேஜைக்கடியில் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து வந்த மூட்டையைக் காலி ஃபோல்டர் ஒன்றில் பிரிப்பாள். போன தடவை வந்ததையும் இந்தத் தடவை வந்ததையும் திரையில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். புதிதாக முளைத்திருக்கும் ஃபைல் எது, காணாமல் போனது எது, பேரை மாற்றிக்கொண்டு வந்திருப்பது எது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அங்கே எடுத்துவிட்டதை இங்கேயும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்பிப்போன விருந்தாளி விட்டுச்சென்ற பெட்டி மாதிரி வருஷக்கணக்கில் மூலையில் கிடக்கும். யாருடையது என்று யாருக்கும் தெரியாது, தூக்கிப் போடவும் பயமாக இருக்கும்.

பிரித்துப் பார்த்ததில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் பதிவேட்டில் ஏற்றுவாள். கண்ணெதிரே தப்புத் தெரிந்தாலும் கை வைக்கமாட்டாள். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்காக வைத்துக்கொள்ளும் மென்பொருளைத்தான் அந்த ஆபீஸில் பதிவேடு என்பார்கள். அதில் வெளியார் எழுதிய கோடுக்கென்று தனியாக ஒரு கிளை உண்டு. வெளிக்கிளை என்று பேர். குறிப்பு எழுதும் கட்டத்தில் தேதியையும் பதிப்பு எண்ணையும் போட்டு, பக்கத்தில் எப்போதும் ஒரே வாசகம்தான் எழுதுவாள்: வந்தது வந்தபடி.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. கம்பெனிக்கு வேண்டுமென்று இங்கே செய்துகொண்ட மாற்றங்களை எல்லாம், வெளிக்கிளையிலிருந்து பிரியும் நம் கிளையில், ஒன்றொன்றாகப் புதுப் பதிப்பின் மேல் நகர்த்தி வைக்க வேண்டும். சில மாதம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். சில மாதம் அந்த வாரமே அதில் போகும்.

மருந்துப் புட்டிகளிலும் அட்டைகளிலும் ஒட்டுகிற லேபிளை அச்சடிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி அது. எல்லாவற்றையும் தானே எழுதிக்கொள்ள எந்தக் கம்பெனியாலும் முடியாது. எழுத்து வரைவதற்கு ஒன்று, படத்தைச் சுருக்குவதற்கு ஒன்று, தேதியைக் கணக்குப் பண்ணுவதற்கு ஒன்று என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதியது பதினோரு மூட்டை. அவர்கள் உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதுகிறவர்கள். இரவல் சட்டையை நம் உடம்புக்குப் பிடித்துத் தைத்துக்கொள்கிற மாதிரி, இங்கே தேவைக்கு ஏற்ப அங்கங்கே தையல் போட வேண்டியிருந்தது. சட்டைக்காரர் புதுச்சட்டை அனுப்பும்போது, எந்தத் தையல் அவருடையது, எது நம்முடையது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவள்.

அதனால்தான் பேரும் இரவல் அக்கா. ஆரம்பத்தில் யாரோ ஒரு வாயாடி வைத்தது. அவன் வேறு கம்பெனிக்குப் போய்ப் பல வருஷம் ஆகியும் பேர் மட்டும் தங்கிவிட்டது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அது ஏதோ பதவியின் பேர் என்றே நினைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் புருஷனிடம் யாராவது, வீட்டில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால், "அடுத்தவங்க எழுதினதை அழுக்குப் படாம வச்சுக்கிற வேலை" என்பார். நூலகமா என்று கேட்டால் ஆமாம் என்றுவிடுவார். விளக்குவதைவிட அது சுலபம்.

இருபத்துநாலு வயதில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் சேர்ந்தவள். மகள் பிறந்து விடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்தது இந்த வேலைதான். யாரும் தொட விரும்பாத வேலை. கொஞ்ச நாளைக்குப் பாரும்மா, அப்புறம் மாத்திக்கலாம் என்றார் அப்போதிருந்த மேனேஜர். அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் ஓய்வு பெற்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை. மகள் டிப்ளமா முடித்து வேலைக்கே போய்விட்டாள்.

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் வெளிக்கோடின் மேல் அவள் போட்ட தையல் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றைச் சொன்னால் போதும். எழுத்து வரைகிற மூட்டையில், எழுத்தை மிகவும் சிறியதாக்கினால் தசமப் புள்ளி அழிந்துவிடும். பெரிய போஸ்டர் அடிக்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சுண்டுவிரல் அளவு புட்டியில் 0.5 என்பது 05 என்று விழுந்தால் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து பத்து மடங்காகிவிடும். எட்டு வரி எழுதி அதைச் சரிசெய்தாள். அதற்குப் பின் ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அந்த எட்டு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் தேடி வைத்தாள். ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

தங்கையின் புருஷனும் அதே ஆபீஸ்தான். அவனைச் சேர்த்துவிட்டதே இவள். இருந்த வேலை போய், கல்யாணமான புதிதில் ஐந்து மாதம் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் இரண்டு நாள் நின்றாள். இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. இவர்கள் முதல் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. மிக்ஸி ஜாரும் இஸ்திரிப் பெட்டியும் படியேறி இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் அவன் இவளுக்குத் தம்பி. ஆபீஸில் இப்போது சார். எட்டு வருஷத்தில் குழுவுக்குத் தலைவனாகி, பிரிவுக்குத் தலைவனாகி, போன வருஷம் மொத்த மென்பொருள் பிரிவுக்கும் தலைமைக்கு வந்துவிட்டான். கெட்டிக்காரன்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவன் சேர்ந்த முதல் வருஷம் நடந்தது ஒன்று உண்டு. தேதி மூட்டையில் ஒரு கோளாறு. மாதக் கடைசியில் தயாரான மருந்துக்குக் காலாவதித் தேதி ஒரு மாதம் தள்ளி விழுந்தது. சரிசெய்யச் சொல்லி அவனிடம் கொடுத்தார்கள். பதினோரு வரியில் சரிசெய்துவிட்டான். அவசரத்தில் அதை நம் கிளையில் வைக்காமல் நேராக வெளிக்கிளையிலேயே எழுதிவிட்டான். அன்றைக்கு எல்லாம் ஓடியது, எல்லோரும் முதுகில் தட்டினார்கள். நாலு மாதம் கழித்து அவள் புதுப் பதிப்பை இறக்கினாள். வெளிக்கிளையில் புதியது வந்தால் பழையது முழுக்கப் போய்விட வேண்டும் என்பது முறை. பதினோரு வரியும் சேர்ந்து போயிற்று. நம்முடைய மாற்றங்களின் பட்டியலில் அது இல்லாததால் திரும்ப எடுத்து வைக்கவேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஓர் அச்சகத்தில் நாற்பதாயிரம் லேபிள் தப்புத் தேதியோடு அடித்து, கடைக்குப் போகிற கடைசி நேரத்தில் பிடித்துக் கிழித்துப் போட்டார்கள்.

விசாரணை என்று வந்ததும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். பதிவேட்டில் அவன் பேர் கல்லில் வெட்டின மாதிரி இருந்தது. மாடிப்படியில் வைத்து அவனிடம் சொன்னாள். அவன் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதான். தங்கை அப்போது ஏழு மாதம். ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இவளுக்கு நிரந்தரம், திட்டுவார்கள், அனுப்பமாட்டார்கள். விசாரணைக் காகிதத்தில், கோடுகளை இணைக்கும்போது நேர்ந்த கவனக்குறைவு, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தங்கையிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவனிடமும் சொல்லி வைத்தாள். பதிவேட்டை யாரும் போய்ப் பார்க்கவில்லை. வெளிக்கிளைக்குள் நுழைகிறவள் அந்த ஆபீஸிலேயே அவள் ஒருத்திதான்.

அதற்கப்புறம் இரண்டு தடவை பதவி உயர்வுக்கு அவள் பேர் போயிற்று. இரண்டு தடவையும் அந்தக் காகிதம் ஃபைலிலிருந்து எட்டிப் பார்த்தது. போகட்டும், வீட்டுக்குள்தானே என்று விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் கம்பெனி கைமாறியது. வாங்கினவர்கள் வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பதிவேட்டைப் புது முறைக்கு மாற்றுவது ஒரு வேலை. பதிவேட்டை வைத்து யார் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று அளப்பது இன்னொரு வேலை. அளந்து, பெரிய கூட்ட அறையில் சுவரில் போட்டுக் காட்டினார்கள். பத்து வருஷத்தில் சிலருக்கு அறுபதாயிரம் வரி, சிலருக்கு இருபதாயிரம். வெளியார் கோடு இருக்கிற ஃபோல்டரை நம்முடைய எழுத்து இல்லை என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டும் அதற்குள்ளேதான். அவள் பேருக்கு நேரே ஒன்பது என்று இருந்தது. ஒன்பது வரி. அவள் யோசித்துப் பார்த்தாள். என்றைக்கோ உதவிப் பக்கத்தில் விடுமுறைப் பட்டியலைத் திருத்தியது அது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரி, அக்கா, பத்தாக்கூட ஆக்கிக்கலையே என்று கையைத் தட்டினாள். அவளும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் தங்கை புருஷனின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு அவன் அக்கா என்றான். ஆபீஸில் மேடம் என்றுதான் கூப்பிடுவான்.

"ரெண்டு விஷயம் நீங்க அவங்ககிட்ட சொன்னாப் போதும், சார். என் வேலை பூரா அந்த ஃபோல்டருக்குள்ள இருக்கு, அதை எண்ணலைன்னு ஒண்ணு. இன்னொண்ணு அந்த லேபிள் விஷயம். அது நானில்லைன்னு மட்டும் சொல்லுங்க. யாருன்னு சொல்ல வேண்டாம்."

"அக்கா, இப்ப அதை எடுத்தா யாருன்னு கேக்கமாட்டாங்களா?"

"கேட்டா, நிரந்தரம் ஆகாத புதுப் பையன், தெரியாம செஞ்சுட்டான்னு சொல்லலாமே. இன்னிக்கு உங்களை யார் என்ன பண்ணிடப்போறாங்க?"

அவன் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தான். பார்த்துக்கறேன் அக்கா, நான் இருக்கேன்ல என்றான். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

இரண்டு வாரத்தில் மாற்றும் வேலை ஆரம்பித்தது. மற்ற எல்லாக் கிளையும் முழு வரலாற்றோடு புது முறைக்குப் போகும், வெளிக்கிளையும் அதிலிருந்து பிரிந்த நம் கிளையும் மட்டும் போகாது, இன்றைக்கு இருக்கிற நிலையில் ஒரே ஒரு நகல் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. செய்யவேண்டியது அவள். பழைய பதிப்பெல்லாம் இல்லாமல் ஒற்றை நகல் மட்டும் இருந்தால், நாளைக்குப் புதுச்சட்டை வரும்போது எது அவர்கள் தையல், எது நம் தையல் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. புள்ளியைப் பற்றி விளக்கி இரண்டு பக்கம் எழுதி அவனுக்கு அனுப்பினாள். மேலிடத்து முடிவு அக்கா, நான் சொல்லிப் பார்த்தேன், கேக்கமாட்டேங்கறாங்க, என் கையில எதுவும் இல்லை என்று போனில் சொன்னான். குரல் தாழ்ந்திருந்தது. பாவம், அவனுக்கும் மேலே ஆள் இருக்கிறதே என்று அவளே அவனைத் தேற்றினாள்.

வியாழக்கிழமை செய்தாள். யார் வேலையாக இருந்தாலும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். குறிப்புக் கட்டத்தில் வழக்கமான வாசகத்தை எழுத முடியவில்லை. வந்தது எது, இங்கே போட்டது எது என்று பிரிக்காமல் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. தேதியை மட்டும் போட்டாள். பத்தொன்பது வருஷம் நாலு நிமிஷத்தில் ஏறி முடிந்தது. மறுநாள் மத்தியானம் பழைய சர்வரின் வட்டுகளைத் துடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையில் கடிதம் வந்தது. வெளிக்கோடை இனித் தானாகவே இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு வருவதால் அவளுடைய இடம் தேவைப்படவில்லை. வேறு இடத்தில் அமர்த்த முடியுமா என்று பார்த்தார்களாம். பத்து வருஷத்து எழுத்து ஒன்பது வரி என்பதாலும், ஃபைலில் ஒரு கவனக்குறைவுப் பதிவு இருப்பதாலும் இயலவில்லையாம். மாதக் கடைசி வரை வரலாம். கீழே மேலிடத்துக் கையெழுத்து. அதற்கும் கீழே, பரிந்துரை என்ற இடத்தில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

அப்போதும் அவனை முழுசாகச் சந்தேகப்படவில்லை. எதிர்த்துப் பேசத் தைரியமில்லாதவன் என்றுதான் புருஷனிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "தைரியமில்லாதவன் கையெழுத்தைக் கொஞ்சம் சின்னதாவாவது போட்டிருப்பான்" என்றார்.

சனிக்கிழமை அரைநாள். சர்வர் அறைச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவர் பேச்சுக்கார மனிதர். சாவி வாங்கியதற்குக் கையெழுத்துப் போட ஃபைலைத் திறந்தவர், வெளியிலிருந்து வந்த ஆட்கள் ஆரம்பத்தில் எல்லா வரலாற்றையும் கொண்டுபோகலாம் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள், இடப் பிரச்சனையும் இல்லை, நேரப் பிரச்சனையும் இல்லை என்றார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பதினாலு கிளை. பதினாலுக்கும் நேரே சரி என்று குறி. பின்னால் வெளிக்கிளையின் மேல் மட்டும் கோடு போட்டு அடித்து, ஓரத்தில், வரலாறு தேவையில்லை என்று பேனாவில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்து. மேலிடத்துக் கையெழுத்து அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

தேதியைப் பார்த்தாள். அவன் அறையில் போய்ப் பேசினாளே, அதற்கு மறுநாள்.

"உங்க வீட்டு ஆளுதானேம்மா, உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

சொன்னார், சொன்னார் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மேலே எழுதிக் காட்ட இனி எதுவும் இல்லை. அவன் பேர் இருந்த ஒரே இடத்தை அவள் கையாலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள், மூன்று தடவை சரிபார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்றாம் மாடி ஏறினாள். அவனைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். அவன் இல்லை. பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போயிருந்தான். தங்கை கூடத்துத் தரையில் தட்டை வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சோபாவில் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. இவள் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை என்றாள். நடந்ததை நினைத்து நினைத்து நெஞ்செரிச்சல் வந்துவிட்டதாம், டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி வந்தார்களாம். இவளுக்கும் ஓய்வு வேண்டும், முதுகு வலி வேறு இருக்கிறது, எவ்வளவு நாள்தான் யாரோ எழுதினதைக் கட்டிக்கொண்டு அழுவது என்றாள். இவள் மடித்த துண்டைக் கீழே தரையில் வைத்துவிட்டு ஒரு தலையணை உறையை எடுத்தாள்.

"எனக்கு ஓய்வு வேணும்னு யாரு சொன்னா?"

"சொல்லணுமா? உன் பொண்ணு சம்பாதிக்கிறா. அத்தான் கடைக்குப் போறாரு. எங்களுக்கு ரெண்டும் இன்னும் ஸ்கூல்ல இருக்கு. அவர் பேருக்கு ஒண்ணு வந்தா நாங்க எங்க போவோம்?"

"நான் அவர் பேரைச் சொல்லவே இல்லையேடி. எட்டு வருஷமாச் சொல்லலை."

"சொல்லலை. ஆனா எப்பவும் கையில வச்சிருந்தே." தங்கை காம்புகளைத் தனியாக ஒதுக்கினாள். கத்தி தட்டில் பட்டு ஓசைப்பட்டது. "நீ படியேறி வர்றப்பல்லாம் அவர் எழுந்து நிப்பாரு. கவனிச்சிருக்கியா? சொந்த வீட்டுல. அதான் பழசெல்லாம் துடைச்சாச்சே. இனிமே யார்கிட்ட போய் என்ன சொன்னாலும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. விட்டுடுக்கா."

தலையணை உறையின் ஒரு முனை இவள் கையிலிருந்து நழுவியது. லேபிள் விஷயம், படுக்கையில் கிடந்த தங்கைக்குத் தெரியக்கூடாது என்று அவளுக்காகவே மறைத்தது. வட்டுகளைத் துடைத்தது முந்தாநாள் மத்தியானம். ஆபீஸிலேயே நாலைந்து பேருக்குத்தான் தெரியும். அதுவும் அது என்னவென்று புரிந்தவர்கள் இரண்டே பேர், இவளும் அவனும்.

"துடைக்கப்போறாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "துடைச்சப்புறமா, முன்னாடியா?"

தங்கை கத்தியைத் தட்டில் வைத்தாள். மடியில் உதிர்ந்திருந்த நார்களை விரலால் பொறுக்கிப் போட்டாள்.

"நான் வியாழக்கிழமை அங்க உக்காந்து அதைச் செய்யறப்போ உனக்குத் தெரியுமா?"

தங்கை தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. சோபாவைச் சுற்றிக்கொண்டு, மடித்து வைத்த துண்டின் மேல் கால் படாமல் தாண்டி, சமையலறைக்குள் போனாள்.